ஃபெல்லோஷிப்: ஒத்தை மாட்டுக்காரர்களின் சொல்

போன வாரம் காங்கேயத்தில் அக்கா வீட்டில் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் படத்தைப் போட்டார்கள். பீட்டர் ஜாக்சன் இயக்கி 2001 டிசம்பரில் வந்தது. ‘தி ஃபெல்லோஷிப் ஆஃப் த ரிங்’ என்று தலைப்பு வந்ததும் அக்கா பையன் கேட்டான்: “ஏனுங்க மாமா, ஃபெல்லோஷிப்னா பி.எச்டி. பண்றவங்களுக்குக் குடுக்கற பணந்தானுங்களே?”

அவன் கேட்டதில் தப்பில்லை. பல்கலைக்கழகத்தில் அது ஆய்வு உதவித்தொகை. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது ஐக்கியம். தமிழ் பைபிளிலேயே அந்தச் சொல்தான். படத்திலோ ஒரு மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கக் கிளம்பும் ஒன்பது பேர். மூன்றுக்கும் வேர் ஒன்று, அந்த வேர் போய் நிற்கும் இடம் மாட்டுத் தொழுவம்.

‘ஃபெல்லோ’ ஆங்கிலத்துக்கு வந்தது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அங்கே அது ‘ஃபேலகி’. ‘ஃபே’ என்றால் மாடு, சொத்து, பணம் எல்லாமே. பின்பாதி, கீழே வைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆக, தன் பொருளைக் கொண்டுவந்து இன்னொருவன் பொருளோடு சேர்த்து வைக்கிறவன்தான் ஃபெல்லோ. மாடும் செல்வமும் ஒரே சொல்லா என்று நாம் வியக்க வேண்டியதில்லை. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற குறளில் மாடு என்றால் செல்வம்தானே.

இதைப் படித்தபோது எனக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஞாபகம் வந்தது. அவரிடம் ஒரே ஒரு காங்கேயம் காளை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் ஒன்றுதான். ஒத்தை மாட்டை வைத்து ஏர் ஓட்ட முடியாது. அதனால் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, ஒரு நாள் இவர் காடு, மறுநாள் அவர் காடு என்று உழுவார்கள். அப்பிச்சியின் மயிலைக் காளை எப்போதும் இடப்பக்கம்தான். மாற்றிக் கட்டினால் நகராது. இருவரும் சொந்தமில்லை, சாதியும் வேறு. ஆனாலும் அவரை அப்பிச்சி கடைசி வரை ‘நம்ம கூட்டாளி’ என்றுதான் சொன்னார். நார்ஸ் சொல்லை அப்படியே காட்டில் நிறுத்திக் காட்டியது போல இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மோதிரக் கூட்டம்’ என்றால் கொங்கு நாட்டில் வம்பு. இங்கே ‘நீங்க என்ன கூட்டமுங்க?’ என்றால் குலப்பிரிவைக் கேட்பது. மோதிரக் கூட்டத்துக்குக் குலதெய்வம் எந்த ஊரில் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். ‘பங்காளி’யும் இங்கே ரத்த உறவுக்கே. அந்த ஒன்பது பேரில் நாலு ஹாபிட், ரெண்டு மனிதர், ஒரு எல்ஃப், ஒரு குள்ளர், ஒரு மந்திரவாதி. பங்காளி முறைக்கு வழியே இல்லை. ‘தோழமை’ அழகான சொல்தான், ஆனால் அது மனசைச் சொல்கிறது, போட்ட முதலைச் சொல்லவில்லை. ‘மோதிரக் கூட்டு’ என்றால் பொரியலுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும்.

என் ஓட்டு ‘மோதிரக் கூட்டாளிகள்’. ‘கொள்ளையனும் கூட்டாளிகளும் கைது’ என்று பேப்பர்காரர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அதற்காக நல்ல சொல்லைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே விட்டுவிட முடியுமா? எல்ஃப்களின் ஊரான ரிவெண்டெல்லில் நடக்கும் சபைக் காட்சியைப் பாருங்கள். மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோ போகிறேன் என்றதும் அரகார்ன் தன் வாளைத் தருகிறான், லெகோலஸ் வில்லை, கிம்லி கோடாரியை. ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறார்கள். அந்த வசனம் நாவலில் இல்லை, படத்துக்காக எழுதியது. ஆனால் சொல்லின் வேருக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

நாவலை எழுதிய டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். சொற்களின் பூர்வீகம் தெரிந்தவர். 1954இல் வந்த முதல் பாகத்துக்கு ஃபெல்லோஷிப் என்று பெயர் வைத்தாலும், நாவலில் ரிவெண்டெல் தலைவர் எல்ராண்ட் அந்த ஒன்பது பேரைக் ‘கம்பெனி’ என்கிறார். திருப்பூர்க்காரர்களுக்குக் கம்பெனி என்றாலே பனியன்தான். அதன் லத்தீன் வேரோ ‘சேர்ந்து ரொட்டி தின்பவர்கள்’. நம் ஊர்க் கூட்டாஞ்சோறு!

படத்தின் முடிவில் அந்த ஒன்பது பேரில் ஒருவனான போரோமிர் மோதிரத்தைப் பிடுங்கப் பார்த்து, பிறகு ஹாபிட்களைக் காக்கப் போராடிச் சாகிறான். மிச்சமிருப்பவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். அக்கா பையன் டிவியை அணைத்துவிட்டுச் சொன்னான்: “கூட்டு பிரிஞ்சு போச்சுங்க மாமா.”