உத்திசார் கூட்டாண்மை: ஜப்பான் அளந்து பேசும் ஒரு சொல்

இந்தியாவும் ஜப்பானும் தங்கள் உறவுக்கு 2014 முதல் ஒரு நீண்ட பெயர் வைத்திருக்கின்றன, ஆங்கிலத்தில் 'ஸ்பெஷல் ஸ்ட்ராடஜிக் அண்ட் குளோபல் பார்ட்னர்ஷிப்'. அதைத் தமிழில் எழுதும்போது ஆளுக்கொரு வழியில் போகிறோம். 'சிறப்பு வியூகக் கூட்டாண்மை' என்கிறார் ஒருவர், 'கேந்திரக் கூட்டாண்மை' என்கிறார் இன்னொருவர். இலங்கையில் அதுவே 'மூலோபாயப் பங்காளித்துவம்'. அவசரச் செய்திகளில் இவை எல்லாம் சுருங்கி வெறும் 'கூட்டணி' ஆகிவிடும். முதல் மூன்றும் நடை வேறுபாடு, போகட்டும். கடைசியது பிழை. ஜப்பானிய மொழியில் 'கூட்டணி'க்கென்று தனிச்சொல் இருக்கிறது. அந்தச் சொல்லால் ஒரு வெளியுறவு அமைச்சரே பதவி விலகியிருக்கிறார்.

முதலில் பொருள். இரண்டு நாடுகள் உத்திசார் கூட்டாளிகள் என்றால், பாதுகாப்பு, பொருளாதாரம், தொழில்நுட்பம் ஆகியவற்றை ஒரே நீண்டகாலக் கணக்கில் வைத்துச் சேர்ந்து நடக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன என்று பொருள். தலைவர்கள் ஆண்டுதோறும் சந்திப்பார்கள், படைகள் சேர்ந்து பயிற்சி செய்யும், கடனும் முதலீடும் வரும். ஒன்று மட்டும் இதில் இராது: ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் போருக்கு வரவேண்டும் என்ற கடப்பாடு. அந்தக் கடப்பாடு இருந்தால்தான் அது கூட்டணி.

ஜப்பானியத்தில் கூட்டணிக்கு உரிய சொல் 'தோமெய்'. அதன் மேல் வரலாற்றுச் சுமை மிகுதி. 1902-இல் பிரிட்டனோடு செய்துகொண்டது தோமெய். 1940 செப்டம்பரில் பெர்லினில் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் கையெழுத்திட்டதும் தோமெய்தான். அந்த இரண்டாவது ஒப்பந்தம் நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத் தோற்ற தலைமுறை மறக்கவில்லை. அதனால்தான் 1951-இல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, 1960-இல் அதைத் திருத்தி, அமெரிக்கப் படைகளுக்குத் தளங்களும் கொடுத்திருந்த நிலையிலும், அந்த உறவைத் தோமெய் என்று அரசு ஆவணத்தில் எழுதத் தயங்கினார்கள்.

தயக்கம் உடைந்தது 1981 மே மாதம். பிரதமர் சுசுகி சென்கோ வாஷிங்டன் சென்று அமெரிக்க அதிபர் ரீகனைச் சந்தித்தார். கூட்டறிக்கையில் இரு நாடுகளின் உறவைக் குறிக்க 'தோமெய்' இடம்பெற்றது. ஜப்பானில் எதிர்ப்பு கிளம்பியதும், அந்தச் சொல்லுக்குப் படைசார்ந்த பொருள் எதுவும் இல்லை என்று பிரதமர் விளக்கம் தந்தார். பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கும்போது அப்படிச் சொல்வது பொருந்தாது என்பது வெளியுறவு அமைச்சகத்தின் நிலை. குழப்பம் முற்றி, வெளியுறவு அமைச்சர் இத்தோ மசயோஷி விலகினார். தளங்கள் அப்படியே இருந்தன, ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறவில்லை. பெயரைச் சொன்னதுதான் சிக்கல். ஜப்பான் தன் வெளியுறவுச் சொற்களை எவ்வளவு நுணுக்கமாக நிறுத்துப் போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது 'உத்திசார் கூட்டாண்மை'க்கு ஜப்பானியர் வைத்திருக்கும் தொடரைப் பாருங்கள்: 'சென்ரியாகுதெகி பாத்தோனாஷிப்பு'. முதற்பகுதியில் உள்ள 'சென்ரியாகு' சீன எழுத்துகளால் ஆன பழைய கூட்டு, 'போர்' என்பதும் 'திட்டம்' என்பதும் சேர்ந்தது. இரண்டாம் பகுதி ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்த சொல், அயற்சொற்களுக்குரிய கதகானா எழுத்தில் எழுதுவது. பழைய போர்களின் நினைவு எதுவும் ஒட்டாத சொல் அது. தோமெய் என்று சொல்லக் கூசும் இடத்திலும், சொல்லத் தேவையில்லாத இடத்திலும் அது கைகொடுக்கிறது.

இந்தியாவுடனான உறவில் இந்தச் சொல் படிப்படியாகத்தான் ஏறியது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் ஜப்பான் புதிய யென் கடன்களை நிறுத்தி வைத்தது. 2000 ஆகஸ்டில் பிரதமர் மோரி யோஷிரோ இந்தியா வந்தபோது 'உலகளாவிய கூட்டாண்மை' பிறந்தது. 2006 டிசம்பரில் மன்மோகன் சிங் தோக்கியோ சென்றபோது அதோடு 'உத்திசார்' சேர்ந்தது. 2014 செப்டம்பரில் மோடி சென்றபோது 'சிறப்பு' சேர்ந்தது. அடைமொழிதானே என்று கடந்துவிட வேண்டாம். ஒவ்வொரு அடைமொழிக்கும் பின்னால் காரியம் இருந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் நடத்திவந்த மலபார் கடற்பயிற்சியில் 2015 முதல் ஜப்பான் நிலையான உறுப்பினர். 2017 ஜூலையில் அந்தப் பயிற்சி சென்னைக் கடலோரத்தில்தான் நடந்தது. 2016 நவம்பரில் அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் படைக்கு மற்றவர் எரிபொருளும் பொருள்களும் கொடுத்துதவும் ஒப்பந்தம் 2020-இல் வந்தது. இத்தனைக்குப் பிறகும் இது தோமெய் அல்ல. ஜப்பானும் அப்படிச் சொல்வதில்லை, எந்தப் படைக்கூட்டணியிலும் சேர விரும்பாத இந்தியாவும் சொல்வதில்லை.

தோமெய்க்கும் கூட்டாண்மைக்கும் நடுவே ஜப்பான் சில படிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவை ஜப்பானிய ஏடுகள் 'ஜுன் தோமெய்' நாடு என்கின்றன, அதாவது கூட்டணிக்கு அடுத்த நிலை. 2022 ஜனவரியில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டுப் படை பயிற்சிக்காக மற்ற நாட்டுக்குள் வரும்போது எழும் சின்னச் சின்னக் கேள்விகளுக்கு அது விடை சொல்கிறது. வீரருக்கு விசா வேண்டுமா, அவர் ஓட்டும் வண்டிக்கு உள்ளூர் உரிமம் வேண்டுமா, கொண்டுவரும் துப்பாக்கிக்கு யார் அனுமதி தருவது, வெளியே ஒரு குற்றம் செய்துவிட்டால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஜப்பானில் மரணதண்டனை உண்டு. ஆஸ்திரேலியா அதை ஏற்காது.

ஆங்கிலத்தில் அந்த உடன்படிக்கையின் பெயர் 'ஒருவர் நாட்டுக்குள் ஒருவர் நுழையும் உரிமை' என்ற பொருளில் நிமிர்ந்து நிற்கிறது. ஜப்பானில் வழங்கும் சுருக்கப் பெயரில் உள்ள சொல் 'என்கட்சுகா', அதாவது தடையின்றி எளிதாக்குதல். எளிதாக்கும் உடன்படிக்கை, அவ்வளவுதான். வெளிநாட்டு வீரர் மண்ணில் இறங்குவதைப் பற்றி அந்தச் சுருக்கப் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. பிரிட்டனோடு 2023-இலும் பிலிப்பைன்ஸோடு 2024-இலும் இதே வகை உடன்படிக்கை கையெழுத்தானது.

அடுத்த படி 'தோஷிகொகு'. ஒத்த நோக்குடைய நாடு என்று பொருள். 2022 டிசம்பரில் ஜப்பான் வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணத்தில் இது திரும்பத் திரும்ப வருகிறது. பாதுகாப்புச் செலவை 2027-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகும் முடிவும் அதே சமயத்தில் எடுத்ததே. ஜப்பானின் வழக்கமான வளர்ச்சி உதவியைப் படைகளை வலுப்படுத்தக் கொடுப்பதில்லை. அந்த வேலிக்கு வெளியே, தோஷிகொகு நாடுகளின் படைகளுக்குக் கருவி கொடுப்பதற்கென்றே 2023-இல் தனித் திட்டம் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் பிலிப்பைன்ஸ், மலேசியா, வங்கதேசம், ஃபிஜி ஆகியவை பெற்றன. பிலிப்பைன்ஸுக்குக் கிடைத்தது கடலோர ரேடார். 2025-இல் இலங்கையும் அந்தப் பட்டியலில் வந்தது.

ஏன் இத்தனை படிகள்? சீனக் கடற்படையின் வளர்ச்சி ஒரு பக்கம், அமெரிக்கா என்றும் இதே உறுதியோடு நிற்குமா என்ற கவலை இன்னொரு பக்கம். ஒற்றைத் தோமெய்யை மட்டும் நம்பி இருக்க முடியாது, புதிய தோமெய் செய்யவும் முடியாது. போரைத் துறக்கும் அரசியல் சாசனத்தின் 9-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. அதன் விளக்கத்தை 2014-இல் அமைச்சரவை தளர்த்தியபோதும், ஜப்பானின் உயிர்நிலைக்கே ஆபத்து என்ற நிபந்தனையின் கீழ்தான் நெருங்கிய நாட்டுக்காகப் படை எடுக்கலாம் என்றது. எனவே நடுவில் உள்ள இடத்தை வகைவகையான கூட்டாண்மைகளால் நிரப்புகிறார்கள்.

'உத்திசார்' என்ற அடைமொழி நட்பின் அடையாளம் அல்ல என்பதற்குச் சீனாவே சான்று. சீனாவுடனான உறவுக்கு ஜப்பான் 2006-இல் வைத்த பெயர் 'சென்ரியாகுதெகி கொகெய்', உத்திசார் பரஸ்பர நன்மை உறவு. கூட்டாண்மை என்ற சொல் அதில் இல்லை, கவனியுங்கள். 2008-இல் சீன அதிபர் ஹூ ஜின்தாவோ தோக்கியோ வந்தபோது அது கூட்டறிக்கையில் ஏறியது. பின்னர் சில ஆண்டுகள் பேச்சிலிருந்தே மங்கியிருந்து, 2023 நவம்பரில் ஜப்பான் பிரதமர் கிஷிதாவும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சான் பிரான்சிஸ்கோவில் சந்தித்தபோது மீண்டும் வந்தது. 2025 அக்டோபர் இறுதியில் புதிய பிரதமர் தகாய்ச்சி சனாயே தென்கொரியாவில் ஷியைச் சந்தித்தபோதும் அதே தொடரை உறுதிசெய்தார்கள். ஒரு வாரம் கழித்து, தைவான் மீதான தாக்குதல் ஜப்பானின் உயிர்நிலைக்கே ஆபத்தாகலாம் என்று தகாய்ச்சி நாடாளுமன்றத்தில் சொன்னார். சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போகவேண்டாம் என்றது. பகையோடும் கணக்குப் பார்த்து உறவு வைத்துக்கொள்ளும் இந்த நிலை நமக்கும் புதிதல்ல. தனக்குத் துணை இல்லை, பகையோ இரண்டு என்றால் 'இன்துணையாக் கொள்கவற்றின் ஒன்று' என்று 875-ஆம் குறள் சொல்வது இதைத்தான்.

இனித் தமிழ்ச் சொல். 'ஸ்ட்ராடஜிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் படைத்தலைவனைக் குறித்த 'ஸ்திராதெகோஸ்'. நம்மிடம் புழங்கும் நான்கையும் எடுத்துப் பார்ப்போம். 'கேந்திரம்' மையத்தைக் குறிப்பது. ஒரு துறைமுகத்தின் இருப்பிடத்தைப் பற்றிப் பேசும்போது 'கேந்திர முக்கியத்துவம்' பொருந்தும், உறவைப் பற்றிப் பேசும்போது பொருந்தாது. 'வியூகம்' களத்தில் படை நிற்கும் அமைப்பு, நீண்டகாலத் திட்டம் அல்ல. 'மூலோபாயம்' வடசொல்தான், ஆனால் இலங்கை வழக்கில் அதற்கு இணையாகத் 'தந்திரோபாயம்' இருக்கிறது. முழுப் போருக்கான திட்டம் ஒன்று, ஒரு மோதலுக்கான நடவடிக்கை மற்றொன்று என்ற வேறுபாட்டை அந்த இணை அழகாகக் காக்கிறது. தமிழ்நாட்டின் 'உத்தி' இரண்டுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. தொல்காப்பிய மரபியலில் வரும் 32 உத்திகளும் நூல் செய்யும் முறைகளே. ஆனாலும் இன்று எல்லாருக்கும் புரிவது உத்திதான். சிறிய அளவிலான நடவடிக்கைக்குத் 'தந்திரம்' என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

அடுத்த பாதியிலும் கடலின் இரு கரைகளும் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் 'பங்காளி' என்றால் பாட்டன் சொத்தில் பங்குள்ளவன், வரப்புச் சண்டையும் கூடவே நினைவுக்கு வரும். அதனால் 'பங்காளித்துவம்' இங்கே எடுபடவில்லை. இலங்கையிலோ 'கூட்டாண்மை' பெரும்பாலும் பெருநிறுவனங்களைக் குறிக்கும் சொல். அவரவர் வழக்கை அவரவர் வைத்துக்கொள்வதில் எனக்குத் தடை இல்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 'உத்திசார் கூட்டாண்மை' என்றும், இந்திய–ஜப்பான் உறவின் முழுப்பெயரைச் 'சிறப்பு உத்திசார் உலகளாவிய கூட்டாண்மை' என்றும் எழுதுவேன்.

ஆனால் 'கூட்டணி'யை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். ஒப்பந்தப்படி போருக்கு வரக் கடமைப்பட்ட நாட்டுக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து நம்மிடம் 'நேச நாடு' இருக்கிறது. ஜப்பானுக்கு அப்படிப்பட்ட நாடு அமெரிக்கா ஒன்றே. தோஷிகொகுவை 'ஒத்த நோக்கு நாடு' எனலாம். இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா கூடும் குவாடை 'நாற்கரக் கூட்டணி' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட்டு, 'நாற்கர அமைப்பு' என்று எழுதலாம். அந்த நால்வரையும் ஒருவருக்காக ஒருவர் போரிடக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை.