உருவிலா விரயம்: கட்டுமானத் துறைச் சொல் ஒன்றுக்கு விளக்கம்

கட்டுமானம் பற்றிய ஆய்வுரைகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் 'நான்-பிசிக்கல் வேஸ்ட்' என்றொரு தொடர் வழங்குகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'பௌதிகமற்ற கழிவு' என்று எழுதுவதுண்டு. அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் படிக்கும் ஒப்பந்ததாரருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. 'கழிவு' என்றவுடன் அவர் மனம் உடைந்த செங்கல்லுக்கும், இறுகிப்போன சிமென்ட் மூட்டைக்கும், வெட்டி மிஞ்சிய கம்பித் துண்டுக்குமே போகும். பௌதிகம் இல்லாத கழிவு என்பது அவருக்கு ஈரமில்லாத தண்ணீர் என்பதைப் போல ஒலிக்கும்.

இத்தொடர் குறிப்பது, கட்டடத்துக்கு எதையும் சேர்க்காமல் நேரத்தையும் பணத்தையும் உழைப்பையும் தின்றுவிடும் செயல்களையும் செயலின்மையையும்தான். ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் குறித்த காலத்தைத் தாண்டுதல், குறித்த செலவைத் தாண்டுதல் என்னும் இரண்டு விளைவுகளைக் கொண்டு அளக்கிறார்கள். தளத்துக்குக் கான்கிரீட் போடவிருக்கும் ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். கம்பி கட்டி முடிந்துவிட்டது, கலவை இயந்திரம் தயார், 12 பேர் வந்து நிற்கிறார்கள். கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய பொறியாளர் 40 நிமிடம் கழித்து வருகிறார். பன்னிரண்டையும் நாற்பதையும் பெருக்கினால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம்: ஓர் ஆளின் முழு நாள் உழைப்பு. தரையில் ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. மாலையில் இடிபாடு அள்ள வரும் டிப்பரில் அந்த நாள் ஏறுவதில்லை.

'வேஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனின் 'வாஸ்டஸ்'. வெறுமையானது, பாழானது என்று அதற்குப் பொருள். ஆளரவமற்ற நிலத்தைக் குறித்த சொல், பிறகு பயனின்றிப் போன எதையும் குறிக்கலாயிற்று. நம் 'பாழ்' என்னும் சொல்லும் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருக்கிறது: பாழ்நிலம் என்கிறோம், நாள் பாழாயிற்று என்றும் சொல்கிறோம். துறைச்சொல்லாக 'வேஸ்ட்' தொழிற்சாலையில் வளர்ந்ததற்கு ஜப்பானியர் காரணம். அவர்கள் வழங்கும் 'முதா' என்ற சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது 'இல்லை' என்றும், மற்றது குதிரை முதுகில் ஏற்றும் பாரம் என்றும் பொருள்படும். பாரமின்றி நடக்கும் பொதிக்குதிரை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள்; அழகான விளக்கம்தான், ஆனால் அது எழுத்தை வைத்துச் சொன்னது, சொல்லின் பிறப்பு அதுவே என்று கொள்ள வேண்டியதில்லை. (தமிழில் சிலர் 'முடா' என்று எழுதுகிறார்கள். எனக்கு மொடாக்குடிதான் நினைவுக்கு வருகிறது.) டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் டாயிச்சி ஓனோ இந்த விரயத்தை ஏழாக வகுத்தார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், பொருளை இங்குமங்கும் தூக்குதல், வேண்டாத மெருகு, தேங்கிய இருப்பு, வீண் அசைவு, பழுதான ஆக்கம். ஏழில் பலவற்றில் குப்பையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கருத்தைக் கட்டுமானத்துக்கு முறையாகக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஃபின்லாந்து ஆய்வாளர் லாரி கோஸ்கெலா. 1992-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வறிக்கையாக வந்த அவருடைய எழுத்து, கட்டடப் பணியை மூலப்பொருளைக் கட்டடமாக மாற்றும் வேலையாக மட்டும் பார்க்காமல் இடையறாத ஓட்டமாகவும் பார்க்க வேண்டும் என்றது. ஓட்டமாகப் பார்த்தால்தான் வேலைக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள தேக்கம் தெரியும். 2004-இல் அவர் ஓனோவின் ஏழோடு இன்னொன்றைச் சேர்த்தார். வரைபடம், பொருள், ஆள், கருவி, இடம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுவது அது. அதற்கு அவர் வைத்த 'மேக்கிங்-டூ' என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க நாம் திண்டாட வேண்டியதில்லை, 'ஒப்பேற்றுதல்' என்று தமிழில் அச்சொட்டான சொல் இருக்கிறது. மின்குழாய் போகும் வழி முடிவாகுமுன் சுவரைப் பூசிவிட்டு, பிறகு காடி வெட்டி, குழாய் பதித்து, மீண்டும் பூசுவதும் ஒப்பேற்றலின் விளைவே. அதில் விழும் காரை இரண்டு சட்டி இருக்கும். ஒப்பந்ததாரர் அந்த இரண்டு சட்டியைத்தான் கழிவு என்பார், கொத்தனார் ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவிட்ட நாளை அல்ல.

ஏன் அப்படி? ஒரு பாதி, சொல்லின் குற்றம். 'கழி' என்னும் வினை காலத்துக்கும் உரியது. நாள் கழிந்தது, பொழுது கழிந்தது என்கிறோம். அதிலிருந்து பிறந்த 'கழிவு' என்ற பெயரோ கழிவுநீர், கழிவுப்பொருள் என்று பொருளோடு ஒட்டி நின்றுவிட்டது. கடையில் விலைத் தள்ளுபடியையும் குறிக்கிறது. 'சேதாரம்' நகைத் தொழிலில் தேயும் பொன்னுக்கு உரியது, அதுவும் எடை போடத்தக்கதே. 'வீணடிப்பு' நெருங்கி வருகிறது. ஆயினும் அதில் ஒருவர்மேல் விரல் நீட்டும் தொனி இருக்கிறது. "உங்கள் பணியில் வீணடிப்பு உண்டா?" என்று கேட்டால் எந்த ஒப்பந்ததாரரும் இல்லை என்றே சொல்வார், அது பொய்யும் ஆகாது, ஏனெனில் நாம் பேசும் இழப்பு பெரும்பாலும் ஒருவர் கையில் நேராமல் இரண்டு குழுக்களுக்கு இடையிலான சந்தில் நேருகிறது.

எனவே நான் தேர்வது 'விரயம்'. செலவைக் குறிக்கும் 'வியய' என்னும் வடசொல்லின் திரிபு இது. பஞ்சாங்கத்தின் 'ஆதாயம், விரயம்' என்ற இணையில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. இன்றைய வழக்கில் காலவிரயம், பணவிரயம் என்று உருவமற்றவற்றோடு இயல்பாகச் சேர்கிறது. செங்கல் விரயம் என்றால்தான் காதுக்குச் சற்று உறுத்தும். தனித்தமிழ் வேண்டுவோர்க்குக் குறளில் 'வீழ்நாள்' இருக்கிறது, பயனின்றிக் கழிந்த நாள் என்று பொருள். "வீழ்நாள் படாஅமை" என்று 38-ஆம் குறள் தொடங்குகிறது. ஆளும் கருவியும் வேலையின்றி நிற்பதற்கு 'வாளாவிருத்தல்' பொருந்தும். முழுத்தொடருக்கு 'உருவிலா விரயம்' போதும்.

மறுபாதி, கணக்கெழுதும் முறை. பொருளுக்கு வரவு, செலவு, இருப்பு என்று பதிவேடு உண்டு; கம்பியிலும் கலவையிலும் இவ்வளவு சேதமாகும் என்று மதிப்பீட்டிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். காத்திருப்புக்கோ தனி இடம் கிடையாது, அது கூலி விகிதத்துக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கிறது. சதுர அடிக் கணக்கில் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தால், ஆள் நின்றால் தமக்கென்ன நட்டம் என்று முதன்மை ஒப்பந்ததாரர் எண்ணுவார். உள் ஒப்பந்தக்காரர் ஆட்களை வேறு பணியிடத்துக்கு மாற்றும்போதோ அடுத்த முறை விகிதத்தை உயர்த்திக் கேட்கும்போதோ அந்த நட்டம் வேறு முகத்தோடு வந்து சேரும்.

காத்திருப்பெல்லாம் விரயம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கான்கிரீட் நீராற்றலுக்கு (ஈரமாக வைத்து இறுகவிடுவதற்கு) விடும் நாட்கள் அதன் வலிமைக்கு வேண்டியவை. சாரம் கட்டுவதும் கட்டடத்தில் நிலைப்பதில்லை, ஆனால் தவிர்க்க முடியாது. சில நேரம் உருவிலா விரயமே உருவம் பெறும். ஆயத்தக் கலவை (ரெடிமிக்ஸ்) லாரியில் தண்ணீர் சேர்ந்த நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்குள் கலவையை இறக்க வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் சி94 நெறி நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. தளம் தயாராகாமல் வாசலில் நிற்கும் லாரியில் தாமதம் இறுகிக் கல்லாகிவிடும், அப்போது எல்லோரும் அதைக் கழிவு என்பார்கள்.

எழுத்தில் பொதுத்தலைப்பாக 'உருவிலா விரயம்', உட்பிரிவுகளாகக் காத்திருப்பு, மறுவேலை, ஒப்பேற்றல், வீண் நடை என்று வழங்கலாம். பணியிடத்தில் மட்டும் வேறு சொல் வேண்டும். மேஸ்திரி நாள்தோறும் நிரப்பும் ஏட்டில் 'உருவிலா விரயம்' என்று ஒரு கட்டம் போட்டால் அது வெறுமையாகவே இருக்கும். 'ஆள் சும்மா நின்ற நேரம், எதற்காக' என்று எழுதினால் முதல் நாளே நிரம்பும்.