சொல் விளக்கம்: மூன்றாம் பாதி

ரக்பி ஆட்டத்துக்கு இரண்டு பாதிகள். ஒவ்வொன்றும் 40 நிமிடம். நடுவர் கடைசி விசில் ஊதியபின் தொடங்குவதற்குத்தான் ‘மூன்றாம் பாதி’ என்று பெயர். உடம்பின் சேற்றைக் கழுவி, கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, இரண்டு அணிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து உண்பது, குடிப்பது, பாடுவது, கதை சொல்வது எல்லாம் இதில் அடக்கம். சற்று முன்னால் மூக்கில் குத்தியவன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்திக் கொடுப்பான். இந்தப் பாதிக்குக் கால வரம்பும் இல்லை, நடுவரும் இல்லை.

ஆங்கிலத்திலும் இந்தத் தொடர் உண்டு. ஆனால் பிரெஞ்சில்தான் அது வேரோடியிருக்கிறது. ‘த்ருவாசியெம் மி-தான்’ என்பார்கள். ‘மி’ என்றால் அரை, ‘தான்’ என்றால் நேரம். இத்தாலியர் ‘தெர்சோ தெம்போ’ என்றும், அர்ஜென்டினர் ‘தெர்சேர் தியெம்போ’ என்றும் சொல்கிறார்கள். இவை இரண்டும் ‘மூன்றாம் நேரம்’ என்று நின்றுவிடுவதால் பாதிக் கணக்கின் குறும்பு அவற்றில் இல்லை. அர்ஜென்டினக் கழகங்களில் வந்த அணிக்குச் சோறு போடுவது உள்ளூர் அணியின் கடமை. சிறுவர் அணிகளும் இதற்கு விலக்கல்ல.

ஒன்றுக்கு இரண்டு பாதிதானே, மூன்றாவது எப்படி வரும் என்று கேட்கலாம். தமிழ் இதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. ‘பெரும்பாதி’ என்று நாம் கூசாமல் சொல்கிறோம்; பாதியில் பெரியது சிறியது ஏது என்று யாரும் கேட்பதில்லை. ‘பாதி’யைப் ‘பகு’ என்னும் வேரோடு சொல்லாய்வாளர்கள் இணைக்கிறார்கள். பகுதி, பங்கு, பால், பாத்தி எல்லாம் அந்தக் குடும்பம். வள்ளுவர் ‘பாத்தூண் மரீஇ யவனை’ என்கிறாரே, அந்தப் பகுத்துண்ணும் ‘பாத்தூண்’கூட அதே வீட்டுப் பிள்ளைதான். எதிரியோடு உணவைப் பகிரும் வேளைக்குப் ‘பாதி’ என்ற சொல் பிரெஞ்சைவிட நமக்குப் பொருத்தமாக வாய்த்திருக்கிறது.

இந்தப் பாதியின் சிறப்பு ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், ஓய்வுபெற்ற பெரிய வீரர்தான். முழங்கால் போய்விட்டது, வாய் மிச்சமிருக்கிறது. விருந்து முடிந்ததும் எழுந்து அந்தக் காலத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். இந்த வகையில் அடிக்கடி அடிபடும் பெயர் வில்லி ஜான் மெக்பிரைட். வட அயர்லாந்துக்காரர், வங்கி ஊழியர், அயர்லாந்துக்கு 63 டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம், ஆடியவர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கிலிருந்தும் ஆள் பொறுக்கி அமைக்கும் லயன்ஸ் அணிக்கு 1974-இல் தலைவராகித் தென்னாப்பிரிக்கா போனார். 22 ஆட்டங்களில் 21 வெற்றி, ஒன்று சமன்.

தொடரை வென்ற இரவில் விடுதி அல்லோலகல்லோலப்பட்டதாம். மேலாளர் பதறிக்கொண்டு தலைவரின் அறைக்கு ஓடி வருகிறார். மெக்பிரைட் உள்ளாடையோடு கட்டிலில் உட்கார்ந்து சுங்கான் புகைத்துக்கொண்டிருக்கிறார். “ஐயா, உங்கள் ஆட்கள் விடுதியை உடைக்கிறார்கள்!” “யாராவது செத்துவிட்டார்களா?” “இல்லை. ஆனால் நான் போலீசைக் கூப்பிட்டுவிட்டேன்.” மெக்பிரைட் ஒரு இழுப்பு இழுத்து, புகையை விட்டு, நிதானமாகக் கேட்கிறார்: “வருகிற போலீஸ்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்களோ?”

ஊர், வார்த்தை, உடை எல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறாதது அந்தச் சுங்கான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே புகை விடும் நேரம் இருக்கிறதே, கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதே பயணத்தில் ‘தொண்ணூற்றொன்பது’ என்றொரு குறிச்சொல் இருந்தது. அவசர உதவி எண் 999-ஐச் சுருக்கியது. அதைக் கூவியதும் லயன்ஸ் வீரர் பதினைந்து பேரும் அருகில் இருக்கும் எதிரணிக்காரனை அடிக்க வேண்டும். பதினைந்து பேரையும் நடுவரால் வெளியேற்ற முடியாதல்லவா! போர்ட் எலிசபெத்தில் நடந்த மூன்றாம் டெஸ்டில் கடைசித் தடுப்பாட்டக்காரர் ஜே. பி. ஆர். வில்லியம்ஸ் மைதானத்தின் பாதித் தூரம் ஓடிவந்து ஒருவரைக் குத்தினார் என்பது விருந்துக்கு விருந்து நீளும் ஓட்டம்.

சிரிப்பில் விடுபடுவது ஒன்று உண்டு. அந்தப் பயணம் நிறவெறி ஆட்சி நடந்த நாட்டுக்கு. பிரிட்டிஷ் அரசே அதை எதிர்த்தது. வேல்ஸ் வீரர் ஜான் டெய்லர் போக மறுத்தார். இது எந்த மேசையிலும் நகைச்சுவைக்கு உதவாததால் பேச்சாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லா விருந்துப் பேச்சும் ரகளைக் கதை அல்ல. 1972-இல் வட அயர்லாந்துக் கலவரத்தின் அச்சத்தால் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆட வரவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்து துணிந்து வந்தது. மைதானமே எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கைதட்டியது. பிறகு 18-9 என்று தோற்கடித்தும் அனுப்பியது. இரவு விருந்தில் இங்கிலாந்துத் தலைவர் ஜான் புலின் எழுந்தார்: “நாங்கள் அவ்வளவு நன்றாக ஆடாமல் இருக்கலாம், ஆனால் வந்துவிடுகிறோம்.” இதைவிடச் சிறந்த விருந்துரை ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானது 1982 பாரிஸ் விருந்து. வீரர்களுக்குப் பரிசாக, சவரத்துக்குப்பின் பூசும் வாசனைத் தண்ணீர் ஒரு புட்டி கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்து வீரர் மொரிஸ் கோல்க்ளோ தம் புட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி மடமடவென்று குடித்தார். அதைக் கண்ட காலின் ஸ்மார்ட், தாமும் சளைத்தவரல்ல என்று, தம் புட்டியை உள்ளபடியே குடித்து மருத்துவமனைக்குப் போனார். ஆள் மோசமாக இருந்தாலும் மூச்சு மணமாக இருந்தது என்று அணித் தோழர் ஸ்டீவ் ஸ்மித் சொன்னது இன்றும் விருந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1873-இல் தொடங்கிய கல்கத்தா ரக்பிக் கழகத்தில் இலவச மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் கழன்றுகொண்டார்கள். மூன்றாம் பாதி போனதும் முதல் இரண்டும் போயின. மிஞ்சிய 270 வெள்ளி ரூபாயை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் யானை மூடியும் வைத்துச் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுகின்றன. 1988-இல் விருந்து முடிந்த இரவில் இரு அணிகளின் வீரர்கள் இருவர் அதை எடின்பரோ தெருவுக்கு எடுத்துப் போய் நசுக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆடக் கூலி கிடையாது. வாழ்க்கைக் கதை எழுதிப் பணம் வாங்கினாலே ‘தொழில்முறையாளர்’ என்று முத்திரை குத்தி விலக்கிவைத்தார்கள். கேரத் எட்வர்ட்ஸ், பில் போமான்ட் போன்ற பெரிய வீரர்களுக்கே அந்தக் கதிதான். 1995 ஆகஸ்ட் 26-இல் அந்தத் தடை நீங்கியது. இப்போது ஆட்டம் முடிந்ததும் பனித்தொட்டிக் குளியல், அளந்த உணவு, மறுநாள் பயிற்சி. பழைய வீரர்களின் கதைகளுக்குக் கிராக்கி ஏறியதற்கு இதுவும் காரணம் என்பேன்.

இனித் தமிழ்ச் சொல். ‘மூன்றாம் பாதி’ மொழிபெயர்ப்புதான் என்றாலும் நிற்கக்கூடியது. அந்த விருந்தைத் தனியே குறிக்க நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது: உண்டாட்டு. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குப் பதினான்கு துறைகள் சொல்கிறது; அதில் கடைசி மூன்று, ‘பாதீடு உண்டாட்டுக் கொடை’. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடுவது பாதீடு. கள்ளுண்டு களித்து ஆடுவது உண்டாட்டு. அள்ளிக் கொடுப்பது கொடை. களைத்து வந்த வீரர், குடி, ஆட்டம் என்று எல்லாம் பொருந்துகிறது. ஒன்றுதான் இடிக்கிறது. வெட்சியாரின் உண்டாட்டில் மாட்டைப் பறிகொடுத்த கரந்தையாருக்கு இலை போடுவதில்லை. ரக்பியில் தோற்றவனும் பந்தியில் இருந்தாக வேண்டும். எனவே வழக்கம் முழுவதற்கும் ‘மூன்றாம் பாதி’ என்றும், அதில் நடக்கும் விருந்துக்கு ‘உண்டாட்டு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். எழுந்து பேசும் பேச்சு ‘விருந்துரை’.

‘இரவு உண்டாட்டில் இரு அணித்தலைவர்களும் விருந்துரை ஆற்றினர்’ என்று ஒரு விளையாட்டுச் செய்தியில் எழுதினால் பொருள் புரியும். ‘பார்ட்டி’ என்று எழுதினால் எதிரணியும் அங்கே இருந்தது என்பது தெரியாமல் போகும்; ‘பாராட்டு விழா’ என்றால் வென்றவர் மட்டும் மாலையோடு நிற்பார்.