எடையில்லாத தவளை ஐம்பது அடி பறப்பது எப்படி?

சாதாரணத் தூண்டில் கம்பான ஸ்பின்னிங் ராடில் இரையாக ரப்பர் தவளையைக் கட்டி வீசும்போது, தவளையின் கனம்தான் தங்கூஸை, அதாவது நைலான் நரம்பை, ரீலிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. பத்துப் பதினைந்து கிராம் இருப்பதால் அது நன்றாகப் பறக்கும். ஆனால் விழும்போது ‘தொப்’பென்று விழும். செம்பரம்பாக்கத்தைச் சுற்றியுள்ள சின்ன ஏரிகளில், முழங்கால் ஆழத் தண்ணீரில் அல்லி இலைக்கடியில் அசையாமல் கிடக்கும் விராலின் தலைமேல் அப்படி ஒன்று விழுந்தால் மீன் மிரண்டு ஓடிவிடும்.

ஃப்ளை ஃபிஷிங் என்ற இன்னொரு தூண்டில் முறையில் கட்டும் தவளையைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு ஃபோம், கால்களுக்கு இரண்டு ரப்பர் இழை, பின்னால் கொஞ்சம் இறகு, நடுவில் ஒரு முள், பாசியில் மாட்டாமலிருக்க முள்ளின் முன்னே வளைத்துக் கட்டிய தடித்த நைலான் நரம்பு. எல்லாம் சேர்ந்து ஒரு கிராமை ஒட்டித்தான் வரும். கையால் எறிந்தால் சில அடிகூடப் போகாது. ராடில் கட்டினால் ஐம்பது அடி போய் இலை உதிர்வதுபோல் இறங்குகிறது. காரணம், இங்கே எடை இரையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது.

ஃப்ளை லைன் என்பது பின்னிய நூலின் மேல் பிவிசி பூசிய தடித்த கயிறு. மிதக்க வேண்டிய கயிறென்றால் அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்களைக் கலந்திருப்பார்கள். இதற்கு எண் உண்டு. முதல் 30 அடியின் எடையை வைத்து அந்த எண் தருகிறார்கள்: 5-ம் எண் கயிறு 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். விராலுக்கு ஏற்ற 8-ம் எண் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். ராடிலும் அதே எண் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் ராடு சரியாக வளையாது.

வீச்சின் சூட்சுமம் கையின் பலத்தில் இல்லை, நிறுத்தத்தில் இருக்கிறது. கயிற்றைத் தண்ணீரிலிருந்து மெதுவாகத் தூக்கி, வேகத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே பின்னால் கொண்டுபோய், சட்டென்று நிறுத்த வேண்டும். ராடு நின்றுவிடும், கயிறு நிற்காது. அது நுனியைத் தாண்டிப் பாய்ந்து ஒரு வளையமாக உருண்டு விரியும். முழுக்க விரியும்வரை காத்திருந்து, அதேபோல் முன்னால் வீசி நிறுத்த வேண்டும். வெளியே உள்ள கயிறு நீள நீள, காத்திருக்கும் நேரமும் நீளும். ராடின் நுனி ஏறக்குறைய நேர்கோட்டில் போனால் வளையம் குறுகலாக வரும். வானவில் மாதிரி வளைந்து போனால் வளையம் அகன்று, பாதியிலேயே துவண்டு விழும்.

அந்த வளையத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளையத்தின் கீழ்ப்பாதி ராடோடு சேர்ந்து நின்றுவிட்டது, மேல்பாதிதான் ஓடுகிறது. வளையம் முன்னேற முன்னேற ஓடும் பகுதி குறைந்துகொண்டே வரும். ஆற்றல் குறையாமல், ஓடும் நிறை மட்டும் நான்கில் ஒரு பங்காகிவிட்டால், வேகம் இரண்டு மடங்காக வேண்டும். மாட்டுக்காரர் கையிலிருக்கும் சாட்டை நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி ‘பட்’டென்று வெடிப்பதற்கும் இதே கணக்குதான். தூண்டிலில் அப்படி வெடித்தால் தவளை பிய்ந்து போகும். காற்றின் தடை அந்த ஆற்றலைத் தின்றுகொண்டே வருவதால்தான் பிழைக்கிறோம். கயிற்றின் முனையையும், கயிற்றையும் தவளையையும் இணைக்கும் ஒன்பதடி நைலான் நரம்பான லீடரையும் நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி செய்திருப்பதும், மிச்சமுள்ள ஆற்றல் ஒழுங்காகத் தவளைவரை போய்ச் சேரத்தான்.

சென்னையில் வாங்குபவர்கள் ராடைவிடக் கயிற்றில்தான் கவனம் வைக்க வேண்டும் என்பேன். குளிர்ப் பிரதேச ட்ரவுட் மீனுக்காகச் செய்த கயிறு நம் மே மாத வெயிலில் இளகி, பிசுபிசுத்து, ராடில் கயிறு நுழைந்து போகும் சின்ன வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பமண்டலத்துக்கென்றே விறைப்பான பூச்சும் நூலும் போட்ட கயிறு தனியாக வருகிறது. அதே கயிற்றை ஊட்டிக் குளிரில் எடுத்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கும், அது வேறு தொல்லை.

வெயில் ஏறினால் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்குக் கரையில் நின்றால் காற்று முதுகில் அடிக்கும், சௌகரியம் என்று தோன்றும். ஆனால் பின்வீச்சு காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அதைத் தாழ்வாக, வேகமாக வீசி, முன்வீச்சைச் சற்று உயர்த்தினால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். பின்னால் மரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் நிற்காதீர்கள், முள் காதோரம்தான் பறக்கிறது.

விராலுக்கு இந்த முறை பொருந்துவதற்கு அதன் மூச்சும் ஒரு காரணம். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், பாசி மண்டிய ஏரியில் விடியற்காலையில் அதுவும் இருக்காது. ட்ரவுட் அங்கே செத்துவிடும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சின்ன ‘ப்ளக்’ சத்தமும் குமிழியும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பின்னிங்கில் இரையை முழுக்கச் சுற்றி எடுத்தால்தான் மறுபடி வீச முடியும். இங்கே நாற்பதடி கயிற்றை அப்படியே தூக்கி, ஒரே பின்வீச்சில் திசை மாற்றி, குமிழி அடங்குவதற்குள் இரண்டடி தள்ளி இறக்கிவிடலாம்.

கரையில் குனிந்தே நில்லுங்கள். ஒளிவிலகலால் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி கூம்புக்குள் அடங்கித் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பவை அதன் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும்.

கவ்வியதும் ராடைத் தூக்குவது பழக்கத்தில் வரும் தவறு. ராடு வளைந்து விசையை விழுங்கிவிடும், விராலின் கெட்டியான தாடையில் முள் ஏறாது. ராடு நுனியை மீனுக்கு நேராக நீட்டி, இடது கையால் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதை வீசினாலும் அவை பாய்ந்து கடிக்கும். பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்த நாட்களில் 4-ம் எண் கயிறும் விரல்நகம் அளவு பூச்சியும் கட்டி, எங்கிருந்தோ வந்து நம் ஏரிகளை நிறைத்துவிட்ட ஜிலேபி மீனைப் பிடிக்கலாம். சின்ன வாய், ஆனால் அகன்ற உடம்பைக் குறுக்கே திருப்பிக்கொண்டு மெல்லிய ராடை நன்றாகவே வளைக்கும்.