வானம் வெளுத்திருக்கும், ஆறு ஏறும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு வெள்ளம் என்றாலே மழைதான். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் பிளஸ் ஆற்றிலிருந்து கரையேறிவிடுவோம். பேராக் ஆற்றில் காலை வாருவது அந்தப் பழக்கம்தான்.

மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக நான்கு நீர்மின் அணைகள். கடைசியில் இருக்கும் செண்டரோ 1930-இல் கட்டி முடித்தது. நாம் தூண்டில் போடுவது அதற்கும் கீழே. மின்சாரம் எவ்வளவு தேவையோ அதைப் பார்த்து டர்பைன் ஓடும்; ஓடினால் அணைத் தண்ணீர் கீழே வரும். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் தண்ணீர் ஏறும்.

ஃபிளை தூண்டிலில், அதாவது பூச்சி போலக் கட்டிய இறகுத் தூண்டிலில், செபராவ் என்ற ஆற்று மீனைப் பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போவது என் தொழில். லூர் என்ற கனமான போலி இரை போடுகிறவர் கரையில் நின்றே வீசிவிடுவார். ஃபிளைக்கு முதுகுப் பக்கம் கயிறு விரிய இடம் வேண்டும், கரையிலோ புதர். அதனால் நடு ஆற்று மணல்மேட்டுக்குப் போய்விடுகிறோம். தண்ணீர் ஏறும்போது மேடு முதலில் முழுகாது. காலடி காய்ந்தே இருக்கும். வரும்போது கணுக்காலளவு இருந்த பின்பக்கத்து ஓடை இடுப்பளவு ஆகியிருக்கும்.

இதில் ஒரு வம்பு, ஏறத் தொடங்கும் நேரத்தில்தான் மீன் கடிக்கும். கரைப்புல்லில் இருந்த பூச்சிகள் அடித்து வர, சிறுமீன்கள் ஓரம் ஒதுங்க, செபராவ் பின்னாலேயே வரும். "அங்கிள், இப்பதான் கடிக்குது, இன்னும் ஒரே ஒரு தடவை" என்றான் ஒரு தம்பி. நானும் முடிச்சுப் போடுகிற மும்முரத்தில், நீர்மட்டம் பார்க்க நட்டு வைத்த குச்சியைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நீரோட்டத்தை எதிர்க்காமல் சாய்வாகக் கடந்தோம். ஃபிளைப் பெட்டி ஆற்றோடு போயிற்று.

அணையின் எச்சரிக்கை சைரனை நம்பி நிற்காதீர்கள். வளைவு தாண்டினால் காதில் விழாது. தண்ணீர் ஏறுகிறது என்றால் நடு ஓட்டத்தில் காய்ந்த சருகும் நுரையும் வரும், பாறை மேல் சலசலத்த சத்தம் மாறும். இப்போதெல்லாம் ஓடையின் ஓரத்திலேயே குச்சி நடுகிறேன். நீர் இரண்டு விரல் ஏறினாலே நடையைக் கட்டிவிடுவோம். லைஃப் ஜாக்கெட் மேலேயே இருக்க வேண்டும், பையில் அல்ல.

இறங்கும் தண்ணீரில் நிதானமாக வரலாம். ஓரத்தில் மேய்ந்த மீன் ஆழத்தின் விளிம்புக்குப் போயிருக்கும். அமிழும் கயிறு போடுங்கள்.