வெப்ப அலையும் வீசாத காற்றும்

போன வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கான பொது அறிவு நூல் ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. அதில் ஒரு பத்தி: “2015-இல் பாகிஸ்தானின் கராச்சி நகரில் வீசிய அனல் காற்றுக்கு 1,200-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மின்தடையால் மக்கள் அவதியுற்றனர்.” எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ஆங்கிலத்தில் ஹீட்வேவ், அதாவது வெப்ப அலை, என்று வந்த இடத்திலெல்லாம் ‘அனல் காற்று’ என்று போடுவதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அத்தனையிலும் மோசமானது இந்தக் கராச்சி வரிதான். அந்த நாட்களில் அங்கே அவ்வளவு பேர் செத்ததற்கு ஒரு பெரிய காரணமே காற்று வீசாமல் போனது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸையாவது தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் அதை ஹீட்வேவ் என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. கடலோரத்துக்கு அந்த 40 என்பது 37. ஒரு நாள் கொளுத்தினால் போதாது, அடுத்தடுத்து இரண்டு நாளாவது நீடிக்க வேண்டும். காற்றைப் பற்றி இந்த அளவுகோலில் பேச்சே இல்லை. ஏறி வந்து, சில நாள் நின்று, பிறகு வடிகிற வெப்பம், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய அந்தப் பெயரை நாம் ‘வெப்ப அலை’ என்று அப்படியே பெயர்த்துக்கொண்டோம். வெப்பம் நம் சொல். வெயில், வெக்கை, வெந்நீர், வேகுதல், வேனில் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். அனல் வடமொழியிலும் உண்டு. யார் யாருக்குக் கொடுத்தது என்ற வழக்கு இங்கே வேண்டாம். எனக்கு அனலோடு சண்டை இல்லை, காற்றோடுதான்.

‘வெப்ப அலை’ பெயர்ப்புச் சொல், ‘அனல் காற்று’ நம் மக்கள் வாயில் பிறந்தது, அதனால் அதுதான் நல்ல தமிழ் என்று ஒரு நண்பர் வாதிட்டார். நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு பொருளுக்கு உரிய பெயர். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மே, ஜூன் மாதப் பிற்பகல்களில் மேற்கிலிருந்து வறண்டு, சுட்டெரித்துக்கொண்டு ஒரு காற்று வரும். அதை ‘லூ’ என்பார்கள். தெலுங்கில் ‘வடகாட்பு’, அதாவது வெப்பக் காற்று. 2015 மே மாதம் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நூற்றுக்கணக்கில் மக்கள் இறந்த செய்தியில் யாராவது அனல் காற்று என்று எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அங்கே உண்மையிலேயே காற்று வீசியது, முகத்தில் அறைந்தது. இந்தி ஏடுகள் ஹீட்வேவுக்கே ‘லூ’ என்று எழுதுவதால், நம் மொழிபெயர்ப்பாளர்களும் எல்லா ஊருக்கும் ஒரே காற்றை அனுப்பி வைக்கிறார்கள்.

கராச்சி கடலோர நகரம். கோடையில் அதைக் காப்பாற்றுவது தென்மேற்கிலிருந்து வரும் கடற்காற்று. அதே சிந்து மாகாணத்தில் உள்ள ஐதராபாத்தின் பழைய படங்களைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு கூரைக்கு மேல் தென்மேற்கு பார்த்து வாய் திறந்த மாடங்கள் நிற்கும். மேலே போகிற கடற்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குவதற்காகக் கட்டியவை. காற்று அந்த மண்ணில் மருந்து. 2015 ஜூன் மூன்றாவது வாரத்தில் அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை. கடற்காற்று நின்றது. 20-ஆம் தேதி வெப்பம் ஏறக்குறைய 45 டிகிரி. கூடவே ஈரப்பதம். ரமலான் மாதம் தொடங்கிய நேரம், பலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொல்ல வேண்டி வந்தது.

அந்த நிலைக்குத் தமிழில் சொல் இல்லாமலா இருக்கிறது? புழுக்கம் என்கிறோமே. புழுங்கல் அரிசியும் புழுக்கமும் ஒரே வேரில் வந்தவை. நெல் அவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஊறிய நெல்லை அண்டாவில் கொட்டி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். தீ நெல்லைத் தொடுவதே இல்லை. வெளியே போக வழியில்லாத ஆவியில் உள்ளே நெல் வேகும், வெடித்து வாய் பிளக்கும். தகரக் கூரை போட்ட ஓர் அறையில், காற்று நின்று, வியர்வை காய வழியில்லாமல் படுத்திருக்கும் உடம்பும் அப்படித்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதற்குக் காற்று அசைய வேண்டும். வெளியே அசையவில்லை என்றால் தலைக்கு மேல் மின்விசிறியாவது சுற்ற வேண்டும்.

மின்விசிறி சுற்றவில்லை. அந்தப் பத்தியில் உள்ள இரண்டாவது தவறு, ‘மின்தடை’ என்ற சொல், இங்கேதான் இருக்கிறது. மின்சாரத்தை முறைவைத்து நிறுத்துவதற்குக் கராச்சியில் லோட்ஷெடிங் என்று பெயர். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். நம்மில் சிலர் அதை ‘மின்சுமைக் குறைப்பு’ என்று எழுதுகிறார்கள். யாருடைய சுமை? மின்நிலையத்திலிருந்து பார்த்தால்தான் வீட்டு விளக்கும் விசிறியும் சுமை. விசிறி நின்ற வீட்டில் படுத்திருப்பவருக்கு அன்று சுமை கூடியிருக்கிறது. இன்னொரு கூட்டம் ‘மின்தடை’ என்கிறது. பள்ளிப் பாடத்தில் மின்தடை என்றால் கம்பி காட்டும் எதிர்ப்பு, அது கிடக்கட்டும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தாலும், மின்மாற்றி எரிந்தாலும் மின்தடை என்று தாராளமாக எழுதலாம். ஒருவர் கணக்குப் போட்டு, இந்தத் தெருவுக்கு இத்தனை மணி நேரம் என்று நிறுத்தினால் அது மின்வெட்டு. வெட்டு என்றால் வெட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

கராச்சியில் அப்படித்தான் நிறுத்தினார்கள். 2005-இல் தனியார்மயமான மின் நிறுவனம், எந்தப் பகுதியில் மின்திருட்டும் பாக்கியும் அதிகமோ அந்தப் பகுதிக்கு வெட்டு நேரத்தைக் கூட்டி வைத்திருந்தது. நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் ஒழுங்காகக் கட்டணம் கட்டியவர் வீட்டிலும் விசிறி நின்றது. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் நின்றது. அப்புறம் அந்த வெப்பத்தின் பளுவில் எரிந்த மின்மாற்றிகள் வேறு. பிணவறைகளில் இடமில்லை. மாகாண அரசு மத்திய அரசையும் மின் நிறுவனத்தையும் கைகாட்டியது, அவர்கள் திருப்பிக் கைகாட்டினார்கள். அடுத்த ஆண்டு கோடைக்கு முன்பே ஒரு கபரஸ்தானில், அதாவது இடுகாட்டில், 300 பேருக்கு ஆகும் அளவு குழியை வெட்டி வைத்தார்கள். நகரத்துக்கென்று வெப்ப அலை மேலாண்மைத் திட்டம் வந்தது 2017-இல்.

‘அனல் காற்றுக்குப் பலி’ என்று எழுதினால் இவ்வளவும் மறைந்துவிடுகிறது. காற்றை யார் போய்க் கேள்வி கேட்பது? அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரிக்குப் போய் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதன் பிறகு 2013-இல் அந்த மாநகராட்சி ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தது: முன்னறிவிப்பு, குடிநீர், மருத்துவமனை ஆயத்தம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு என்றது. மனு எழுதுகிறவர் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும். நாளிதழ் ஒரு பெயரும் அரசாணை ஒரு பெயரும் சொன்னால், படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர் எங்கே போவார்?

இதில் இன்னொரு தொல்லை, ‘வெப்ப அலை வீசும்’ என்பது. பெயரைத் திருத்திக்கொண்டவர்களும் வினையில் காற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். கடலில் அலை வீசும்தான், ஆனால் வானிலைச் செய்தியில் ‘வீசும்’ என்றால் காதில் விழுவது காற்றே. வெப்ப அலை நிலவும், நீடிக்கும், தணியும். அது போதும். உடம்பு படும் பாட்டைச் சொல்ல வெக்கையும் புழுக்கமும் இருக்கின்றன. அறிக்கைத் தமிழில் அவற்றைச் சேர்த்தால் தரம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தப் பத்தியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: “2015 ஜூனில் கராச்சியில் கடற்காற்று நின்று வெப்ப அலை நிலவியது. புழுக்கம் தாங்க முடியாத அந்த நாட்களில் மின்வெட்டும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. 1,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.” இரண்டு வரி கூடிவிட்டது, பக்கத்தில் இடமில்லை என்று வடிவமைப்பாளர் போன் செய்தார். சரி, பக்கத்தில் இருக்கும் சூரியன் படத்தைச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.