மெட்ரோ என்றால் சுரங்கமா?

நெல்லை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கி, மெட்ரோவைத் தேடி, “அண்ணாச்சி, சுரங்க ரயிலுக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டால் எதிரே நிற்பவர் ஒரு நொடி விழிப்பார். சென்னையில் சுரங்கப்பாதை என்றால் ரோட்டுக்கு அடியில் நடந்து கடக்கிற வழி. ‘மின்சார ரயில்’ என்றும் கேட்கக் கூடாது. அது கடற்கரை – தாம்பரம் வண்டி. அதன் டிக்கெட் மெட்ரோ கதவில் செல்லாது.

மெட்ரோ என்ற சொல்லில் நிலத்தடி என்ற பொருளே கிடையாது. கிரேக்கத்தில் ‘மேதேர்’ தாய், ‘பொலிஸ்’ நகரம், இரண்டும் சேர்ந்து ‘மெட்ரோபொலிஸ்’. கடல்கடந்து குடியேறியவர்களுக்குப் பிறந்த ஊர் தாய்நகரம். அதுவே பிறகு பெருநகரத்தைக் குறித்தது. 1863 ஜனவரி 10-ல் லண்டனில் நீராவி எஞ்சினோடு ஓடத் தொடங்கிய நிலத்தடி ரயிலின் கம்பெனிப் பெயர் மெட்ரோபாலிடன் ரயில்வே. 1900-ல் பாரிஸில் வந்த ‘மெத்ரோபொலித்தேன்’ வாய்வழக்கில் சுருங்கி மெட்ரோ ஆனது. லண்டன்காரர்களோ இன்றும் ‘டியூப்’ என்பார்கள். ரயில் கீழே போனாலே மெட்ரோ என்றால், நம்ம நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில் போகிற பாசஞ்சரும் மெட்ரோதான்!

எழும்பூரிலிருந்து விமான நிலையம் போனால் இது கண்ணுக்கே தெரியும். பரங்கிமலை என்று போட்ட பச்சைத் தட வண்டியில் ஏறுங்கள். பிளாட்பார ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு இருக்கும். வண்டி நின்றதும் அதன் கதவும் வண்டிக் கதவும் சேர்ந்து திறக்கும். மூடும் ஒலி கேட்டபின் பையை நீட்டாதீர்கள். திருமங்கலம் (மதுரைப் பக்கத்தது அல்ல, அண்ணா நகரை ஒட்டியது) தாண்டியதும் ஜன்னலில் சட்டென்று வெயில் அடிக்கும். கோயம்பேடு முதல் தூண்மேல்தான் பயணம். ஆலந்தூரில் இறங்கி, தளம் மாறி, விமான நிலையம் என்று போட்ட நீலத் தட வண்டியைப் பிடிக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: கூட்டத்தோடு வெளியே போகும் கதவில் க்யூஆர் டிக்கெட்டைக் காட்டிவிடுவார்கள். அதோடு அந்த டிக்கெட் முடிந்தது, மறுபடி காசு. போனில் எடுத்த டிக்கெட் என்றால் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுங்கள். கடைசிக் கதவு வரைக்கும் சார்ஜ் வேண்டும். உள்ளே நுழையக் காட்டியதையே வெளியேறவும் காட்ட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் ஊர் மெட்ரோவான எம்ஆர்டியைப் ‘பெருவிரைவு ரயில்’ என்கிறார்கள். நல்ல ஆக்கம், ஆனால் அது வேகத்தைச் சொல்கிறது, நகரத்தைச் சொல்லவில்லை. ‘சுரங்க ரயில்’ பாதித் தடத்துக்குத்தான் பொருந்தும். அதிலும் ஒரு வேடிக்கை: ‘சுரங்கம்’ வடமொழி ‘சுருங்கா’ வழி வந்தது, அதற்கு மூலம் குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘சிரிங்க்ஸ்’ என்பது அறிஞர் பலர் கருத்து. கிரேக்கத்தை விட்டு ஓடிக் கிரேக்கத்திலேயே விழுகிறோம். ஆனாலும் பழைய வரவுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை அகழியையொட்டி யானைக்கூட்டம் போகிற ‘சுருங்கை வீதி’ வருகிறது.

மெட்ரோவுக்குப் ‘பெருநகர் ரயில்’, மண்ணுக்கு அடியில் இருக்கும் நிலையத்துக்கு ‘நிலத்தடி நிலையம்’: எழுத்தில் இவையே சரி. எழும்பூரில் வழி கேட்கும்போது மட்டும் மெட்ரோ என்றே கேளுங்கள்.